பயிற்சிப் பக்கம்

கம்ப்யூட்டர் வகுப்பில் பேர் கொடுத்துவிட்டு வந்திருப்பதாகப் பொத்தானக்கா சொன்னபோது, அவளுடைய நாத்தனார் ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "அப்போ பைப்பிங் யார் தைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று பேர் கையும் ஓடினால்தான் ஓடுகிற கடை அது. பழைய சோபா வந்து இறங்கினால் மெத்தைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்குவார், அறுந்த நாடாவை மாற்றுவார், தொய்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவார். அவருடைய அக்கா ஸ்பாஞ்சையும் துணியையும் அளந்து வெட்டுவாள். அவள் வெட்டினால் ஒரு விரற்கடை வீணாகாது. மெத்தைக்காரரின் மனைவி தைப்பாள். உறை, ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைக்கிற பைப்பிங், கடைசியில் சோபா முதுகில் பதிக்கிற துணி சுற்றிய பொத்தான்கள் எல்லாம் அவள் கைவேலை. ஒரே ஆழத்தில், நூல் பிடித்த மாதிரி வரிசையாக உட்காரவைப்பாள். அதனால்தான் தெருவில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பேர் விழுந்தது. சொந்தப் பேர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. மாடியில் ஒற்றை அறை, அது நாத்தனாருடையது. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தனியாளாகத் திரும்பி வந்தவள் அவள். தம்பியின் கடையில் கத்தரிக்கோலைப் பிடித்தவள்தான், அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை. யாரிடமும் நின்று பேச மாட்டாள். காய்ச்சல் என்று யாராவது படுத்தால், "எழுந்து ரெண்டு நடை நடந்தா சரியாப் போகும்" என்பதுதான் அவள் வைத்தியம். பொத்தானக்கா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டும் அந்த அண்ணியிடம் அவளுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

வகுப்புக்குப் போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு குஷன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு டீச்சரம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரின் அந்தக் கோடிக்கு வண்டி வைத்து அனுப்பிச் சோபா முழுவதையும் புதுப்பித்து வாங்கினாராம், மூன்றே மாதத்தில் தையல் பிரிந்துவிட்டதாம். மெத்தைக்காரர் குஷனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் இருக்க அவ்வளவு தூரம் ஏன் போனீர்கள் என்று கேட்டார். "இங்க ஒரு கடை இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. போன்ல தேடினேன், உங்க கடை வரலையே" என்றார் டீச்சரம்மா. அந்த அம்மா தினமும் அந்த வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறவர். மெத்தைக்காரர் அன்று சாயங்காலம் தெருவில் இறங்கி நின்று தன் கடைப் பலகையையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் உதிர்ந்திருந்ததே தவிர எழுத்து இருந்தது.

நூலகத்தின் மாடியில் எட்டுக் கம்ப்யூட்டர்கள். செவ்வாயும் வெள்ளியும் நாலிலிருந்து ஆறு வரை வகுப்பு. சிறுதொழில் செய்கிறவர்கள் தங்கள் கடைக்குத் தாங்களே வெப்சைட் செய்துகொள்ளலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் முப்பதுகூட ஆகாத பெண். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடுவாள். அவளுக்குக் கோபமே வராது.

முதல் நாள் பொத்தானக்கா மவுஸை ஸ்டேப்ளர் துப்பாக்கியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து அமுக்கினாள். அம்புக்குறி திரையை விட்டே ஓடிவிட்டது. பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரருக்கும் அதே கதிதான் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் மூன்றாவது வகுப்பில் விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தச் சாப்ட்வேரில் பக்கத்தின் அமைப்பு முன்னாலேயே தயாராக இருந்தது. மேலே கடைப் பேர், நடுவில் படம், கீழே விலாசம். ஏற்கெனவே தைத்து வைத்த உறை மாதிரிதான், நம் சோபாவுக்கு ஏற்றபடி இழுத்து மாட்ட வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டாள். அப்படிப் புரிந்த பிறகு கை தானாக ஓடியது. மூன்று பேர் உட்காரும் சோபாவின் படத்தைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்ததில் அது ஆறு பேர் உட்காரும் அளவுக்கு நீண்டுபோய், வகுப்பே சிரித்தது. மூலையைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும், உருவம் மாறாது என்று கம்ப்யூட்டர் டீச்சர் காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது அதைக் கணவருக்கு விளக்கினாள். அவர் தட்டின் மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால், பைப்பிங் முழுவதும் தைத்து முடித்திருந்தது. யார் தைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நாலாவது வகுப்பில்தான் பயிற்சிப் பக்கம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, இரண்டு பத்தியாகப் பிரிக்க, படத்தைச் சுற்றி ஓடவிட, எல்லாவற்றுக்கும் நிறைய எழுத்து வேண்டும். கடைப் பக்கத்தில் கைவைத்தால் கெட்டுவிடும், அதனால் பயிற்சி என்று தனியாக ஒரு பக்கம் திறந்துகொள்ளுங்கள் என்றாள் டீச்சர். பொத்தானக்கா "இது முதல் வரி, இது முதல் வரி" என்று ஏழெட்டுத் தடவை அடித்தாள். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்படி ஒரே மாதிரி இருந்தா வரி எப்படி மடங்குதுன்னு தெரியாது மேடம். மனசுல தோணுறதை எழுதுங்க. இந்தப் பக்கத்தை யார் பாக்கப்போறா?"

மனதில் என்ன தோன்றும். ஆறு மாதமாக அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் குளிக்கும்போது கையில் பட்டது. மறுநாளும் இருந்தது. ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தே உள்ளே எங்கே முடிச்சு இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய விரல்கள் அவளுடையவை. அவை பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். வேலை முடியட்டும், பெரிய வீட்டுச் சோபா போகட்டும், வெயில் குறையட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே.

ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி எழுத்தை அமுக்கி அவள் எழுதினாள். "இடது பக்கம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி இருக்கிறது. முதலில் சோபாவுக்கு வைக்கிற சின்னப் பொத்தான் அளவுதான் இருந்தது. வலி இல்லை." எழுத்தைப் பெரிதாக்கினாள், சிவப்பாக்கினாள், மறுபடி கறுப்பாக்கினாள். வரி அழகாக மடங்கியது. டீச்சர் அடுத்த வரிசையில் சைக்கிள் கடைக்காரரிடம் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. எழுதியதும் நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காலில் கனமே தெரியவில்லை.

அடுத்த வகுப்பில் அடுத்த பத்தி. "இப்போது பெரிய பொத்தான் அளவு ஆகிவிட்டது. அவரிடம் சொன்னால் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். அவருக்குத் தாங்காது. அண்ணியிடம் சொன்னால் வேலைக்குச் சோம்பல் பட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று நினைப்பார்கள். இந்த வீட்டில் உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை." அதை இரண்டு பத்தியாகப் பிரித்து, நடுவில் ஒரு நாற்காலிப் படத்தை வைத்து, எழுத்தை அதைச் சுற்றி ஓடவிட்டாள். டீச்சர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பத்தி பிரித்திருப்பது பிரமாதம் என்றாள்.

கடைசி வகுப்பு வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியிடுகிற நாள். டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பொத்தானக்கா அமுக்கியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, எல்லாப் பக்கங்களையும் வெளியிடலாமா என்று கேட்டது. அவள் ஆம் என்பதைத் தொட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். கேக் செய்கிற ஒரு அம்மா அழுதுகூடவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்காரரின் போனில் அதைத் திறந்து காட்டினாள். கடைப் பேர், போன மாதம் முடித்த பச்சைச் சோபா, கீழே விலாசம், அவளுடைய போன் நம்பர். அவர் மூன்று தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். "நம்ம கடையா இது" என்றார். நாத்தனார் கையை நீட்டிப் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, படத்தில் சோபாவின் ஓரம் கோணலாக இருக்கிறது என்றாள். அது சோபா கோணல் இல்லை, படம் எடுத்த கை கோணல் என்றார் மெத்தைக்காரர். திரையின் மூலையில் மூன்று சின்னக் கோடுகள் இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. வகுப்பில் இருந்த பெரிய திரையில் அந்தக் கோடுகள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெத்தைக்காரர் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். நாத்தனார் கடையில் ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தாள். பொத்தானக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். வெப்சைட் பார்த்து வருகிற முதல் போனாக இருக்கும் என்று அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

இளம்பெண் குரல். பயிற்சி என்று போட்டிருக்கிறதே, தையல் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டாள்.

"பயிற்சியா? அப்படி ஒண்ணும் போடலையேம்மா."

"இல்லைங்க, மேல மூணு கோடு இருக்குல்ல, அதை அமுக்கினா பயிற்சின்னு வருது. அதான் உள்ள போய்ப் பாத்தேன்." குரல் கொஞ்சம் தயங்கியது. "பாத்தப்புறம் கூப்பிடலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அதை எழுதினது நீங்கதானாங்க?"

பொத்தானக்காவுக்கு எதுவும் புரியவில்லை. பேச்சைத் துண்டித்துவிட்டு, வெப்சைட்டைத் திறந்து மூன்று கோட்டை அமுக்கினாள். முகப்பு, எங்கள் வேலைகள், விலாசம், பயிற்சி. அதை அமுக்கினாள்.

இடது பக்கம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி இருக்கிறது.

 போன் நழுவிச் சோப்பு நுரையில் விழப்போனதை இடுப்போடு அணைத்துப் பிடித்தாள்.  தன் எழுத்துதான், தான் வைத்த நாற்காலிப் படம்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. ரவிக்கையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி உடம்பு கூசியது. முந்தானையை இழுத்து இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டாள். போர்த்தி என்ன செய்ய.

போனிலேயே அழிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சாப்ட்வேர் நூலகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. டீச்சருக்கு நாலு தடவை அடித்தாள், எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாற்றாமல், வீட்டுக்குள் போடுகிற செருப்போடு நூலகத்துக்கு ஓடினாள். இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. ஞாயிறு விடுமுறை என்று எழுதியிருந்தது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் கதவைப் பிடித்து இரண்டு தடவை உலுக்கினாள். திரும்பி வருகிற வழியில் இஸ்திரிக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். அவரும் படித்துவிட்டாரா என்று நினைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப்போட்டாள்.

கடைக்குள் நுழைந்தபோது நாத்தனார் ஏறிட்டுப் பார்த்தாள். "பாத்திரத்தைப் பாதியில போட்டுட்டு எங்க போன?" என்றாள். பொத்தானக்கா ஒன்றும் இல்லை என்றாள். இன்னும் ஒரு நாள் கடத்திவிட்டால் போதும், நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதை அழித்துவிடலாம், அதற்குள் அவர் கண்ணில் படக்கூடாது என்பது மட்டும்தான் அவள் தலைக்குள் ஓடியது. கட்டியைப் பற்றிய பயம்கூட அப்போது பின்னால் போய்விட்டது.

மெத்தைக்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். நடந்து வந்தார். அளவுநாடா கழுத்தில் தொங்கியது, பென்சில் காதில் செருகியபடி இருந்தது. வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை.

"வண்டி எங்கங்க?" என்றாள் பொத்தானக்கா.

"அங்கயே நிக்குது போல" என்றார்.

பிறகுதான் அவர் அங்கே நடந்ததைச் சொன்னார், விட்டு விட்டு. அளவெடுத்துக்கொண்டே, எங்கள் கடைக்கு இப்போது வெப்சைட் இருக்கிறது, என் வீட்டுக்காரியே செய்தாள் என்று அந்த வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா உடனே போனில் திறந்து பார்த்தார். நல்லா இருக்கே, நல்லா இருக்கே என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம், நீங்க இதைப் படிச்சீங்களாங்க என்று போனை அவர் கையில் கொடுத்தார். இவர் அந்த வீட்டுச் சோபாவின் நீளத்தைக் குறித்தாரே தவிர அகலத்தைக் குறிக்காமலே கிளம்பி வந்திருக்கிறார்.

"நீ எழுதினதுதானா?"

"பழகறதுக்கு எழுதினேங்க."

"பழகறதுக்குன்னா வேற ஏதாவது எழுதியிருக்கலாமே." அதட்டலாக வரவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்பது அவளுக்குப் புரிந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.  அவருக்குத் தாங்காது என்று அவள் எழுதியிருந்ததுதான் அவரை அங்கேயே ஆணி அடித்து நிறுத்தியிருந்தது.

நாத்தனார் எழுந்து வந்தாள். "என்னடா, என்ன எழுதினா?"

அவர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். நாத்தனார் அதைக் கைக்கெட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய அசையப் படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள். பொத்தானக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, உதட்டைத்தான் பார்த்தாள். அண்ணியிடம் சொன்னால் என்ற இடத்துக்கு அந்த உதடு வந்தது தெரிந்தது. அங்கே நின்றது. மறுபடி அதே வரியைப் படித்தது. பிறகு கடைசி வரை போயிற்று.

திட்டு விழும் என்று பொத்தானக்கா காத்திருந்தாள். நாத்தனார் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, "நீ போய் வண்டியை எடுத்துட்டு வா" என்றாள். அவர் நகராததைப் பார்த்து, "போடா" என்றாள். அவர் போனதும் கடைக் கதவை உள்ளே தாழிட்டாள்.

"தொட்டா நகருதா, கெட்டியா ஒரே இடத்துல நிக்குதா?"

பொத்தானக்கா திகைத்துப்போய், நகரவில்லை என்றாள்.

"தோல் சுருங்கியிருக்கா? காம்புல ஏதாவது கசியுதா? அக்குள்ள நெறி கட்டியிருக்கா? கையை மேல தூக்கு." ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்பாஞ்சுக்குக் கோடு போடுகிற அதே நிதானம். ரவிக்கைக்கு மேலாகவே மூன்று விரலைச் சேர்த்து வைத்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பொத்தானக்கா கையைத் தூக்கியபடி நின்றாள்.

நாத்தனார் விரலை எடுத்தாள்.  அப்புறம் தன் ரவிக்கையின் மேல் கொக்கிகள் இரண்டைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச். ஓரம் சரிவாக, வழுவழுவென்று, அவளால் மட்டுமே வெட்ட முடிகிற மாதிரி வெட்டி, மெல்லிய துணியில் உறை போட்டிருந்தது. அவள் நெஞ்சின் வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"பதினோரு வருஷம் ஆச்சு" என்றாள்.

பொத்தானக்கா தையல் மிஷின் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் பழைய சிநேகிதி ஒருத்தியின் ஊரில் பெரிய தையல் வேலை என்று சொல்லி இரண்டு மாதம் போய் இருந்தாள். இளைத்துத் திரும்பி வந்தாள். பஸ் படியில் விழுந்து தோளில் அடி என்று சொன்னாள். அதிலிருந்து வலது கையை முழுசாக மேலே தூக்க மாட்டாள், உயரத்தில் இருக்கிற துணிச் சுருளை இவள்தான் எடுத்துக் கொடுப்பாள். வாயுத் தொல்லை என்று தினமும் ஒரு மாத்திரை. அத்தனையும் கண்ணெதிரே நடந்தது. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னை உக்காரவெச்சுட்டு வேலையைப் பிடுங்கிருப்பீங்க. பாவமேன்னு பாப்பீங்க. அது எனக்கு ஆகாது." ஸ்பாஞ்சை உள்ளே வைத்துக் கொக்கியைத் திரும்ப மாட்டினாள். "சோம்பல்னு நினைப்பேன்னு எழுதியிருக்க."

"அண்ணி, அது வந்து..."

"நினைச்சிருப்பேன். பொய் எழுதல நீ." போய்க் கதவுத் தாழைத் திறந்தாள். "அதனாலதான் சொல்றேன். ஆறு மாசம் போயிருச்சு. இனி ஒரு நாள் போகக்கூடாது."

வண்டியோடு வந்த தம்பியிடமும் அவளே சொன்னாள். இரண்டே வாக்கியம். உன் வீட்டுக்காரியை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்பது ஒன்று, எனக்கும் அதுதான் வந்தது, அறுத்தாயிற்று, உயிரோடு இருக்கிறேன் என்பது இன்னொன்று. மெத்தைக்காரர் பின்னால் பார்க்காமலே உட்கார்ந்தார். அது பாதி பிரித்துப் போட்ட சோபா. ஸ்பிரிங் அவரைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தது. சாய்ந்தபடியே உட்கார்ந்து, அக்காவை ஒரு தடவையும் மனைவியை ஒரு தடவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அடிபட்ட மாட்டின் கண் மாதிரி இருந்தது அது. இந்த வீட்டில்தானா இத்தனை வருஷம் இருந்தேன் என்று கேட்கிற பார்வை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நூலகம் திறந்ததும் பொத்தானக்கா உள்ளே போனாள். போனில் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு வந்திருந்த டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப்போனாள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னது தவறு, வெளியிடுவதற்கு முன்னால் பயிற்சிப் பக்கத்தை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சாப்ட்வேர் காட்டியது. முகப்பை அறுபத்தொரு பேர். பயிற்சியை இருநூற்றுப் பதினாலு பேர். அந்தப் பக்கத்தை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பியிருக்கிறார்கள் என்றாள் டீச்சர். பொத்தானக்கா அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த ஆட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இருநூறு வராது.

"நான் அழிச்சுடட்டுமா மேடம்?" என்றாள் டீச்சர்.

"வேண்டாம், தள்ளு. நான் போட்டதை நானே எடுக்கறேன்."

நிச்சயமாக நீக்கலாமா என்று பெட்டி கேட்டது. இந்தத் தடவை அவள் அந்தப் பெட்டியில் இருந்ததை முழுவதும் படித்தாள். பிறகு ஆம் என்பதைத் தொட்டாள். வெளியே ஆட்டோவில் நாத்தனார் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு அதிர்ச்சி இருந்தது. எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும், எந்தப் படி ஏறினால் சீக்கிரம் போகலாம் என்று நாத்தனார் கேட்காமலே நடந்தாள். ஒரு நர்ஸ் எதிரே வந்து, "என்னக்கா, உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் வந்து போகிற இடம் இது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்திருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கட்டி கெட்டதுதான் என்று எட்டாவது நாள் சொன்னார்கள். மெத்தைக்காரர் அந்த அறையில் டாக்டர் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. நாத்தனார்தான் கேள்வி கேட்டாள், துணிக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில் பதில்களைக் குறித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு மூன்று மாதம் தள்ளியிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். அறுவை முடிந்தது. மருந்து ஏற்றுவது தொடர்ந்தது. முடி கொட்டிற்று, நாக்கு மரத்துப்போயிற்று, மூன்று வேளையும் கஞ்சிதான் இறங்கியது. கஞ்சி வைத்தது மெத்தைக்காரர். முதல் நாள் உப்புப் போட மறந்தார், இரண்டாம் நாள் இரண்டு தடவை போட்டார். சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பார். அரை மணி கழித்து மறுபடி கேட்பார். அப்புறம் மாடிப்படிக்குப் போய் அண்ணாந்து நின்றுகொண்டு, உனக்கு எப்படிக்கா இருக்கு என்று அக்காவையும் கேட்பார். தொல்லை தாங்கவில்லை என்று நாத்தனார் மேலே இருந்து கத்துவாள்.

ஐந்தாவது மாதம் பொத்தானக்கா கடையில் வந்து உட்கார்ந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். இடது கை சொன்னபடி கேட்கவில்லை, ஒரு பொத்தானுக்கு முன்பு ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. வெப்சைட்டைப் பார்த்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று பேர்.

அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு குஷன். நாத்தனார் அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். புதுக் குஷன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றாள்.

வந்தவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பொத்தானக்காவின் தலைத்துணியில் அவள் பார்வை வந்து நின்றது. "உங்க வெப்சைட்டுல ஒரு பக்கம் இருந்ததே. அப்ப ஒரு தடவை படிச்சேன். நேத்து மறுபடி தேடினேன், காணோம்."

"எடுத்துட்டேம்மா" என்றாள் பொத்தானக்கா.

"ஆமா. இல்ல, சும்மாதான் கேட்டேன்." குஷனைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். வாங்கியவள் போகவில்லை. "எனக்கு வலது பக்கம்" என்றாள், தரையைப் பார்த்து.

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பொத்தானக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள்.

மெத்தைக்காரரின் வாயில் நாலு ஆணி இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். டீப்பாய் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு ஆள், கடை திறந்துதானே இருக்கிறது என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மெத்தைக்காரர். "உள்ள பேசிட்டிருக்காங்க."